கட்டிப்போட்ட காவல் நாயும் இரண்டு பூப்பொட்டலங்களும்

சாமி,

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் பேருக்குப் பின்னால் நீ படித்த படிப்பைப் போட்டிருக்கிறார்கள், செய்கிற வேலையைப் போடவில்லை. ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போடுகிறவன் என்று போட்டால் என்ன குறைந்துவிடும் என்று உங்கப்பாவிடம் கேட்டேன். “பேசாம இரு” என்றார். சரி, பேசவில்லை, எழுதுகிறேன். நீ கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் வருவாய். வந்தால் வீடு நிறைய உறவுக்காரர்கள் இருப்பார்கள். உன்னைத் தனியாக உட்கார வைத்துப் பேச எனக்கு யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள். உங்கள் கம்பெனி லாரி நாளைக்கு ஆந்திராவுக்குக் கிளம்புகிறதாம். டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி. பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மறந்துவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

போன மாதம் எழுதிய கடிதத்தில், தோண்டுகிற இடத்தில் கிடைக்கிற தண்ணீரையே குடிக்கிறோம், ரோட்டோரக் கடையில் என்ன கிடைக்கிறதோ அதைச் சாப்பிடுகிறோம் என்று பெருமையாக எழுதியிருந்தாய். மற்ற அம்மாக்கள் இதைப் படித்தால் கவலைப்படுவார்கள். நான் அந்த வரியை மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த தெருவுக்குக்கூட உன்னை விடாமல் வைத்திருந்தவள் நான். யாராவது தும்மினால் உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியவள். அந்தக் காலம் உனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். வாயெல்லாம் ஊதா நிறமாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது என்று ஒருமுறை சொன்னாய். மீதியை நான் சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும், அப்போது உதவும். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உனக்கு ஐந்து வயது. நம் பக்கத்தில் ஆளாளுக்குக் கோழிப்பண்ணை போடத் தொடங்கியிருந்த காலம். நாமும் கிணற்றுமேட்டில் ஒரு கொட்டகை போட்டிருந்தோம். ஒருநாள் காலையில் நீ எழுந்து வந்தபோது கண் இமை இரண்டும் வீங்கியிருந்தன. பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் வடிந்தது, மறுநாள் காலையில் மறுபடியும் வீங்கியது. கன்னம் உப்பியது, கால் உப்பியது. பார்த்தவர்கள் எல்லாரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? “பையன் இப்பத்தானுங்க தேறியிருக்கறான், முட்டை நல்லா புடிச்சிருக்குது” என்றார்கள். கோழி வளர்க்கிற வீட்டுப் பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதில் எல்லாருக்கும் ஒரு சந்தோஷம். நானும் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்றே வைத்துக்கொள். நீ ஒன்றுக்குப் போனது வெகுநேரம் நுரைத்துக்கொண்டே நின்றதை உன் அத்தைதான் பார்த்தாள். உங்கப்பாவின் அக்கா, நான் நங்கை என்று கூப்பிடுகிறவள். கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நம் வீட்டுக்கு வந்தவள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும், நம் வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. “அம்மிணி, இது கொழுப்பில்ல, நீரு. சேலத்துக்குக் கூட்டிட்டுப் போ” என்று முதலில் சொன்னவள் அவள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

சேலத்தில் குழந்தைகளுக்குப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவரிடம் உங்கப்பா, நான், அத்தை மூன்று பேரும் உன்னைக் கொண்டுபோனோம். அவர் வேற்றூர்க்காரர், கறாராகப் பேசுவார், ஆனால் எதையும் புரிகிற மாதிரி சொல்வார். சிறுநீரகம் உடம்பின் சத்தை ஒழுக விடுகிறது, அதனால்தான் வீக்கம் என்றார். ஒரு மாத்திரை எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்து எங்களைப் பார்த்தார். “உங்க வீட்டுல காவலுக்கு நாய் இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றோம். “அந்த நாய் வீட்டு ஆளையே கடிச்சா என்ன செய்வீங்க? கட்டிப் போடுவீங்க இல்லையா? இவன் உடம்புல நோயை விரட்டற காவல் இருக்கே, அதுதான் இப்போ தன் வீட்டையே கடிக்குது. இந்த மாத்திரை அதைக் கட்டிப் போடும். வீக்கம் வடிஞ்சிடும். ஆனா நாயைக் கட்டிப் போட்ட வீட்டுல யார் வேணும்னாலும் நுழையலாம். மத்த பிள்ளைங்களுக்கு ஒண்ணும் செய்யாத சின்னச் சின்னக் கிருமிகூட சமயம் பார்த்து இவனுக்குள்ள வரும். நாய் கட்டியிருக்கிற வரைக்கும் நீங்கதான் காவல்.” வெளியே வந்ததும் உங்கப்பா என்னைப் பார்த்து, “இனிமே நீதான் நாயி” என்றார். அன்றைக்குச் சிரித்தேன். பிறகு வருடக்கணக்கில் அந்த வேலையைத்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இது யாருக்கும் சட்டென்று புரியாது. இந்த மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கு உள்ளே நோய் முற்றினாலும் காய்ச்சல் சரியாகக் காட்டாதாம். “தொட்டுப் பார்த்து ஏமாறாதீங்க, பிள்ளையைப் பாருங்க. விளையாடறானா, சாப்பிடறானா, மூச்சு எப்படி விடறான், அதைப் பாருங்க” என்றார். மாத்திரையை எங்கள் இஷ்டத்துக்கு ஒருநாளும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உடம்பு அப்படியே துவண்டு போகும் என்றார். உடம்பு தானாகச் செய்துகொண்டிருந்த ஏதோ ஒன்றை இந்த மாத்திரை வந்ததும் மறந்துவிடுமாம், திரும்பப் பழக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம். ஊரில் அம்மை கண்டால் உன்னை அந்தப் பக்கமே விடக் கூடாது என்றார். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் உன் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முதலில் வந்தது வாயில். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் தயிர் ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. பால் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்கவில்லை என்று உன்னைத் திட்டினேன். ஈரத்துணியைச் சுற்றித் துடைத்தால் போகவில்லை. அழுத்தித் துடைத்தபோது அடியில் சிவந்து ரத்தம் கசிந்தது, நீ சோற்றைத் தள்ளிவிட்டு அழுதாய். பால் என்றால் துணியோடு வந்துவிடும், வராவிட்டால் அது பால் இல்லை. உன் பிள்ளைக்குப் பார்க்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள். டாக்டரம்மா ஊதா மருந்து கொடுத்தார். அதைத் தடவிக்கொண்டு நீ கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தாய். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நாவல்பழம் தின்றதாகக் கதை விட்டாய். அது நாவல்பழக் காலமே இல்லை.

அடுத்தது வயிறு. உனக்குத் தெரியும், கொட்டகையைத் திறந்ததும் நான் தீவனம் போட மாட்டேன். கதவருகே சத்தம் போடாமல் கொஞ்ச நேரம் நிற்பேன். ஓடி வருகிற கோழிகளைப் பார்ப்பதில்லை. வராமல் ஓரமாக, சிறகைத் தொங்கவிட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பது எது என்று தேடுவேன். அந்த ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் பின்னால் தெரியும். தூசி ஆகாது என்று உன்னைக் கொட்டகைக்குள் விட மாட்டோம். நீ வேலிக்கு வெளியே நின்று கோழிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாய். அன்றைக்குச் சண்டைச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வேலி ஓரம் காலை மடக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தொட்டால் உடம்பு சுடவில்லை. வயிற்றில் கை வைத்தால் கையைத் தட்டிவிட்டாய். அத்தை வந்து பார்த்துவிட்டு, “கண்டதத் தின்னு தொக்கம் விழுந்திருக்குது. மல்லசமுத்திரத்துல தொக்கம் எடுக்கறவ இருக்கறா, வயித்தத் தடவி எடுத்துட்டா செரியாப் போயிரும்” என்றாள். நம் பக்கம் பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் வேறென்ன செய்வோம்? எல்லா வீட்டிலும் அதுதான். நூறு பிள்ளைகளுக்கு அது போதுமாகவும் இருக்கும். ஆனால் நீ அந்த ஓரமாக நிற்கிற கோழியைப் போல இருந்தாய். நான் அவளிடம் வாதாடவில்லை. “நங்கை, போற வழியில சேலம் போயிட்டு வந்தர்றேனுங்க” என்றேன். சேலம் எந்த ஊருக்குப் போகிற வழி என்று அவள் கேட்கவில்லை. தானும் சேலையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வயிற்றுக்குள் தேங்கியிருந்த நீரில் கிருமி புகுந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. வயிற்றை யாரும் தடவவில்லையே என்று இரண்டு தரம் கேட்டார். அத்தை மூலையில் நின்று இல்லை என்று தலையை ஆட்டினாள். ஊசி போட்டு ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். பண்ணையைப் பார்க்க நான் நடுவில் ஊருக்கு வந்து வந்து போனேன். அத்தை வீட்டுக்கே வரவில்லை. உன் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக்கொண்டு, உனக்கு எந்த நேரம் எந்த மருந்து என்று நர்ஸுக்கு முன்னால் அவளே சொல்லுவாளாம். நர்ஸுகளுக்கு அவளைக் கண்டாலே சிரிப்பு, கொஞ்சம் பயமும்கூட. நீ வேகமாகத் தேறினாய். சீக்கிரம் கொண்டுவந்ததுதான் காரணம் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பாராட்டிப் பேசாதவர் ஒரு வார்த்தை சொன்னால் அப்படித்தான் ஆகிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அடுத்த பங்குனியில் தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் வேப்பிலை செருகினார்கள். உன்னை வாசல்படி தாண்ட விடவில்லை. ஆனாலும் வந்துவிட்டது. காலையில் முதுகு தேய்க்கும்போது தோள்பட்டையில் நீர் கோத்த முத்து ஒன்று, விலாவில் இரண்டு. சின்னம்மை. அத்தை பார்த்தாள். நேராகப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு வந்தாள். நிலைக்கு வேப்பிலை செருகினாள். தாளிப்பு நின்றது, செருப்பு வெளியே போனது. பிறகு அலமாரியைத் திறந்து உன் மாத்திரைப் பாட்டிலை எடுத்து, ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, கிணற்றுமேட்டுத் தீவன அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அம்மன் வந்து உட்கார்ந்திருக்கிற வீட்டில் மருந்து இருக்கக் கூடாது. மருந்து கொடுத்தால் அம்மனை விரட்டியது போல ஆகும், அவள் கோபம் பிள்ளைமேல்தான் இறங்கும். அத்தை மட்டுமா அப்படி நம்பினாள்? ஊரே நம்பியது. நானும் பிறந்ததிலிருந்து அதில்தான் வளர்ந்தேன்.

காலை வேளை மாத்திரை தவறியது. மத்தியானத்துக்குள் நீ பேச்சைக் குறைத்துவிட்டாய். முத்துகள் மார்பிலும் முகத்திலும் மளமளவென்று ஏறின. “நங்கை, மாத்திரைய நிறுத்தப்படாதுன்னு டாக்டரம்மா சொன்னது உங்களுக்கும் தெரியுமுங்களே. அவன சேலம் கொண்டுபோகோணுமுங்க” என்றேன். “ஆத்தா வந்திருக்கற புள்ளைய படி தாண்டிக் கொண்டுபோவியா? அவளா வந்தவ அவளாத்தான் போகோணும்” என்றாள். நான் கத்தினேன். அந்த வீட்டில் நான் அவளை எதிர்த்துக் கத்தியது அந்த ஒருநாள்தான். உங்கப்பா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கோழிக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். கோழிக்கு நான் காலையிலேயே வைத்துவிட்டேன். அவர்மேல் இப்போது கோபமில்லை. அவருக்கும் பயம், அதை வைக்க அவருக்கு வேறு இடம் இல்லை.

அத்தை உன் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டே இருந்தாள். நீ கண்ணைத் திறந்து, “அத்தை, மூச்சு முட்டுது” என்றாய். அவள் கை நின்றது. ஆஸ்பத்திரித் தரையில் படுத்திருந்தவள் அல்லவா, உன் மூச்சை அவளுக்குத் தெரியும். எழுந்தாள். “ஆத்தாளக் கேட்டுட்டு வந்தர்றேன். பூ வெச்சுக் கேக்கறேன். வெள்ள வந்தா மருந்து குடுக்கலாம், படி தாண்டலாம். செவப்பு வந்தா கூடாது. வர்ற வரைக்கும் புள்ளைய அசைக்காத” என்றாள். உனக்குத் தெரியாததா, நம்மவர்கள் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூக் கேட்காமல் செய்வதில்லை. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று பொட்டலம் கட்டிச் சாமி முன் போட்டு, கைக்கு வருகிற ஒன்றைப் பிரித்துப் பார்ப்பதுதானே. பின்பக்கம் போய்ப் பூப்பறித்து, வாழையிலைக் கிழிசலில் இரண்டு பொட்டலமாக அவளே மடித்துக் கட்டிக்கொண்டு, மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். உன் உயிர் ஒரு பூவின் நிறத்தில் தொங்குகிறது என்று எனக்கு ஆத்திரம். அவள் வருகிற வரைக்கும் காத்திருக்கவும் மனமில்லை, தாண்டிப் போகவும் துணிவில்லை. அந்தச் சமயத்தில் மாரியாத்தாளையும் வேண்டினேன், திட்டவும் திட்டினேன்.

அவள் ஓடியே வந்தாள். “வெள்ளப்பூ! குடுத்திருக்கறா ஆத்தா. எடு மாத்திரைய, கெளம்பு” என்றாள். தீவன அறைக்கு அவளே போய்ப் பாட்டிலை எடுத்து வந்து, உன் தலையைத் தூக்கிப் பிடித்து, அவள் கையாலேயே கொடுத்தாள். பஸ்ஸில் அம்மைப் பிள்ளையை ஏற்ற மாட்டார்கள். அன்றைக்கு நம் முட்டையை ஏற்றிக்கொண்டு போக வந்த வேன் வாசலில் நின்றது. டிரைவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்த மனுஷன், “எனக்குச் சின்ன வயசுலயே வந்துட்டுப் போயிட்டாங்க, எனக்கென்னுங்க பயம். ஆத்தாளும் ஒருவாட்டி முட்டை வண்டியில வந்து பாக்கட்டுமுங்க” என்று சொல்லித் தட்டுகளைத் தள்ளி இடம் பண்ணினார். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தரம்தான். நல்ல மனுஷன், எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அம்மை நுரையீரலில் இறங்கத் தொடங்கியிருந்தது. தனி அறை கொடுத்தார்கள், மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். மாத்திரை ஒரு வேளைதான் தவறியது, உடனே கொடுத்துக்கொண்டு வந்தது நல்லது என்றார் டாக்டரம்மா. இன்னும் ஒருநாள் பொறுத்திருந்தால் என்று தொடங்கியவர், உன் அத்தையின் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார். அவள் கொண்டுவந்த வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளவும் விட்டார். “முத்தை மட்டும் சொறிய விடாதீங்க, சீழ் வைக்கும்” என்றார். அவள் உன் நகத்தையெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டு, உன் கைகளைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ பிழைத்தாய், சாமி. ஊருக்கு வந்து வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினோம். சில வருடங்களில் அந்தச் சிறுநீரக நோயும் விட்டுப் போயிற்று, மாத்திரையும் நின்றது, நாயை அவிழ்த்துவிட்டோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் பூப்பறிக்கப் பின்பக்கம் போனேன். நம் வீட்டில் வெள்ளரளி புதராக மண்டிக் கிடக்கும். செவ்வரளி ஒரே ஒரு செடி, சோனியாக நிற்கும், எப்போதாவதுதான் பூக்கும். பார்த்தால் அதில் பூவும் இல்லை, மொட்டும் இல்லை, பறித்த காம்புகூட இல்லை. அன்றைக்கு அவள் சிவப்புப் பூவுக்கு எங்கே போனாள்? கோயிலில் கிடைத்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்கவில்லை. அடுத்த மாரியம்மன் பண்டிகையில் அவள் தீச்சட்டி எடுத்தாள். அதற்கு அடுத்த வருடமும் எடுத்தாள். நீ மேல்பள்ளிக்கூடம் போகிற வயதில், “அத்தை ஏம்மா வருசாவருசம் சட்டி எடுக்கறாங்க, கையெல்லாம் கொப்புளம்” என்று கேட்டாய். வேண்டுதல் என்று சொல்லிவிட்டேன். என்ன வேண்டுதல் என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஒருநாள் அவள் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டுவிட்டேன். “நங்கை, அன்னைக்குச் செவப்புப் பூ எங்கீங்க பறிச்சீங்க?” அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “அது எனக்கும் தெரியும், மாரியாத்தாளுக்கும் தெரியும். உனக்கெதுக்கு அம்மிணி? ஆத்தாகிட்டக் கேக்கக்கூடாத மாதிரி நாங் கேட்டுப்போட்டேன். அதுக்கு நாஞ்செமக்கறேன், நீ எண்ணெயத் தடவு” என்றாள்.

டாக்டர் சொன்னதை நான் நம்பினேன், அதனால் எனக்கு எளிது. அவள் டாக்டரை நம்பியதைவிட அம்மனை அதிகம் நம்பினாள். சாமிக்கு ஆகாததைச் செய்கிறோம், தண்டனை வரும் என்று முழுசாக நம்பிக்கொண்டே உனக்காகச் செய்தாள். தண்டனை உனக்கு வராமல் தனக்கு வரட்டும் என்று கையில் நெருப்பை ஏந்தினாள். உன் பிள்ளைகளை வளர்க்கும்போது துணியால் நாக்கைத் துடைத்துப் பார், ஓரமாக உட்கார்ந்தால் கவனி, வலிக்கிற வயிற்றைத் தடவாதே, மருந்தை நீயாக நிறுத்தாதே. இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் பிள்ளைக்காகத் தன் நம்பிக்கையையே அடகு வைக்கிற ஆள் ஒருத்தர் வீட்டில் இருப்பது, தெரிந்துகொள்வதால் வருகிற காரியமில்லை. எனக்கு அது வாய்த்தது. உனக்கும் வாய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அந்த இன்னொரு காரணம் இதுதான். புருஷனை இழந்தவள் என்று அவள் எந்தக் கல்யாணத்திலும் மேடைப்பக்கம் வருவதில்லை. சமையல்கட்டில் காய் அரிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். உன் கல்யாணத்திலும் அப்படித்தான் என்று இப்போதே அரிவாள்மணையைத் தேடி வைத்துவிட்டாள். நீ தாலி கட்டுவதற்கு முன்னால் எழுந்து போய், அவள் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டும். தாலியை முதலில் அவள் தொட்டுக் கொடுக்க வேண்டும். உன் மாமனார் வீட்டில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். உங்கப்பா கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன் என்பார், மண்டபத்தில் கோழி இல்லை என்று நான் பார்த்துக்கொள்கிறேன். அவள்தான் லேசில் வர மாட்டாள். “ஆகாது சாமி, ஆத்தாளுக்கு ஆகாது, உனக்கு ஆகாது” என்பாள். நீ அவளோடு வாதாடாதே. சரி அத்தை, பூக் கேட்டுவிடலாம், வெள்ளை வந்தால் வாருங்கள், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று மட்டும் சொல்.

வெள்ளரளி இந்த வருடம் நன்றாகப் பூத்திருக்கிறது. பொட்டலம் இரண்டையும் நானே கட்டித் தருகிறேன்.

உன் அம்மா